அறுவடை இயந்திரத்தின் பின்னால் வருபவை

நிறுவனம் என்று சொன்னவுடன் நம்மிற் பலருக்குக் கொழும்பிலுள்ள பெரிய கம்பனிகளும் வங்கிகளுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஒரு நோக்கத்துக்காகப் பலர் ஒன்றுகூடி, விதி வகுத்து, பொறுப்பாளரைத் தெரிவுசெய்து, பொதுப்பணத்தைக் கையாளுகின்ற எந்த அமைப்பும் நிறுவனமே ஆகும். வன்னியின் குளங்களின் கீழ் இயங்கும் கமக்காரர் அமைப்பு ஒரு நிறுவனம். கிராமத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒரு நிறுவனம். என் போன்றோர் பணிபுரியும் அரசினர் பாடசாலையும் ஒரு நிறுவனமே. உலகில் உருவாகிவரும் புதிய தொழில்நுட்பங்களும் சமுதாய மாற்றங்களும் பெரிய கம்பனிகளைத் தாக்குவது போலவே இவற்றையும் தாக்குகின்றன. வேறுபாடு யாதெனில், பெரிய கம்பனிகள் அம்மாற்றங்களை முன்கூட்டியே ஆராய்வதற்கென ஆட்களை நியமித்திருக்கின்றன. நாமோ வந்தபின் பார்த்துக்கொள்வோம் என்று இருந்துவிடுகின்றோம். அதனால் நேரும் நட்டம் எத்தகையது, அதனைத் தவிர்க்க ஒரு சிறிய அமைப்பு என்ன செய்யலாம் என்பனவற்றை இன்று நோக்குவோம்.

வன்னி மண்ணுக்கு நீண்டகால நோக்கு புதியதன்று. இரணைமடுக் குளத்தின் வேலை 1902ஆம் ஆண்டில் தொடங்கி 1920ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. தொடங்கிவைத்தவர்களிற் பலர் அதன் பயனைக் கண்டிருக்க முடியாது. இன்று கிளிநொச்சியில் ஏறத்தாழ 20,000 ஏக்கர் வயல் அக்குளத்தை நம்பியிருக்கின்றது. குளத்தைக் கட்டியவர்கள் பல தலைமுறைக்காகச் சிந்தித்தார்கள். ஆனால், அக்குளத்து நீரைப் பங்கிடும் நமது அமைப்புகளின் கூட்டக் குறிப்பேடுகளைப் புரட்டினால், வரப்போகும் போகத்துக்கு அப்பால் ஒரு வரியையும் காண்பது அரிது. விதைப்புத் திகதி, வாய்க்கால் துப்புரவு, நீர் திறக்கும் நாள், கட்டாக்காலி மாடுகளுக்குத் தண்டம் என்பவற்றோடு கூட்டம் முடிந்துவிடுகின்றது. இவை வேண்டியவையே, ஆனால், இவை மட்டும் போதுமானவை அல்ல என்பதை அறுவடை இயந்திரம் நமக்குக் கற்பித்திருக்கின்றது.

முன்னாளில் அருவி வெட்டுக்குக் கூலியாட்கள் திரளாக வந்தனர். வெட்டிய கதிரை உப்பட்டிகளாகப் பரப்பி, பின் சூடு வைத்து, மாடுகளைக் கொண்டும், பிற்காலத்தில் உழவு இயந்திரத்தைக் கொண்டும் சூடு மிதித்தனர். வயலிலும் சூட்டிலும் கிடந்த நாட்களில் கதிர் காய்ந்தது. ஒருவருடைய அறுவடை முடிந்த பின்பே ஆட்கள் அடுத்தவருடைய வயலுக்குச் சென்றனர். ஆகவே நெல்லும் சிறிது சிறிதாகவே சந்தைக்கு வந்தது. 2009இல் போர் முடிந்து, மக்கள் மீளக்குடியமர்ந்த காலத்தில், ஆட்பற்றாக்குறையும் கூலி உயர்வும் நேர்ந்தபோது, வெட்டுதல், அடித்தல், தூற்றுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்யும் பெரிய இயந்திரங்கள் வயல்களில் பெருகின. பலர் பல நாட்கள் செய்த வேலையை இவ்வியந்திரம் ஓரிரு மணித்தியாலத்தில் முடித்துவிடுகின்றது. இதனை வேண்டாமென்று சொல்வார் இன்று எவருமிலர், சொல்வதும் பொருந்தாது.

ஆனால், இயந்திரம் தனியே வரவில்லை. அதன் பின்னால் வேறு பல மாற்றங்களும் வரிசையாக வந்தன. முதலாவது, ஈரம். இயந்திரம் வெட்டும் நெல் காய்வதற்கு அவகாசமின்றி உடனே சாக்கில் விழுகின்றது. நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரம் 14 சதவீதத்துக்கு மேற்படாத நெல்லையே தரமானதாக ஏற்கின்றது. வயலிலிருந்து நேரே வரும் நெல்லில் ஈரம் 20 சதவீதத்தைக் கடந்து நிற்பது வழக்கம். இரண்டாவது, நெருக்கடி. எல்லோருடைய வயலும் சில நாட்களுள் வெட்டப்படுவதால் நெல் முழுவதும் ஒரே வேளையில் சந்தைக்கு வருகின்றது. காலபோக அறுவடையின் தொடக்கமோ மாரி மழை முற்றாக ஓயாத காலம். காயவிடக் களமில்லை, தார் வீதியின் ஓரமே களமாகின்றது. அதற்கும் வழியற்றவர் வயற்கரைக்கு வரும் வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்கின்றார். மூன்றாவது, களை. நெல்லைப் போலவே வளர்ந்து முற்றுமுன் உதிர்ந்துவிடும் களைநெல்லின் விதைகளை, கழுவித் துப்புரவாக்காத இயந்திரம் ஒரு வயலிலிருந்து மற்றொரு வயலுக்குச் சுமந்து செல்கின்றது. நான்காவது, அருவி வெட்டுக் கூலியை நம்பியிருந்த குடும்பங்களின், சிறப்பாகப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின், வருமானம் மறைந்தது.

இவற்றுள் ஈரத்தை மட்டும் ஒரு கணக்காகப் பார்ப்போம். 22 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லில் 220 கிலோ நீர். மிகுதி 780 கிலோவே உலர்பொருள். அதனை 14 சதவீத ஈரத்துக்குக் காயவிட்டால், அந்த 780 கிலோவும் மொத்த நிறையில் 86 சதவீதமாக வேண்டும். அப்பொழுது நெல்லின் நிறை ஏறக்குறைய 907 கிலோ. அதாவது நீரால் இழக்கும் நிறை 93 கிலோ. ஈர நெல்லை வாங்குபவர் 1,000 கிலோவுக்கு ஈரக் கழிவாக 93 கிலோவைக் கழித்தால் அது நியாயம். அதற்கு மேற் கழிப்பதில், காயவைக்கும் கூலி போக எஞ்சுவது கமக்காரனின் நட்டம். ஒன்பதாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடிய கணக்கு இது. ஆயினும் இதனைச் செய்வதற்கு ஈரத்தை அளக்கும் ஒரு சிறு கருவி வேண்டும். அது பெரும்பாலும் வாங்குபவரின் கையிலேயே இருக்கின்றது. அளவுகோல் எவரிடம் உள்ளதோ அவரே விலையைத் தீர்மானிக்கின்றார்.

இங்கேதான் நாம் சிந்திக்கவேண்டிய பொருள் அடங்கியிருக்கின்றது. இயந்திரம் வருவதை எல்லோரும் கண்டனர். அதன் பின்னால் வருபவை எவை என்று எந்தக் கூட்டத்திலும் ஆராயப்பட்டதாகத் தெரியவில்லை. ஆராய்ந்திருந்தால், நீரைப் பங்கிடுவது மட்டுமே தன் கடமை என்றிருந்த ஓர் அமைப்பு, இனி நெல்லைக் காயவைப்பதும், களஞ்சியப்படுத்துவதும், சேர்ந்து விற்பதும் தன் கடமையே என்று காலத்தோடு முடிவு செய்திருக்கும். புதிய கருவி வரும்போது அதனை வாங்குவதா வேண்டாமா என்பது சிறிய கேள்வி. அது வந்தபின் நமது வேலை என்னவாக மாறும் என்பதே பெரிய கேள்வி.

இக்கேள்வியைக் கேட்கத் தவறியவர்கள் ஏழைக் கமக்காரர் மாத்திரமல்லர். அமெரிக்காவின் கொடாக் கம்பனியில் பணிபுரிந்த ஸ்டீவன் சாசன் என்னும் பொறியியலாளர், படச்சுருள் வேண்டாத மின்னணுப் படப்பெட்டியை 1975ஆம் ஆண்டிலேயே செய்து காட்டினார். படச்சுருள் விற்று வாழ்ந்த அக்கம்பனி தன் வேலை மாறவேண்டும் என்பதை உரிய காலத்தில் ஏற்கவில்லை. 2012ஆம் ஆண்டு சனவரியில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. மாறாக, ஷெல் எண்ணெய்க் கம்பனியில் பியர் வாக் என்பாரும் அவர் குழுவினரும் 1970களின் தொடக்கத்தில் வேறொரு வழியைக் கையாண்டனர். எண்ணெய் விலை இன்னதாகவே இருக்கும் என்று ஒரே முடிவைச் சொல்லாமல், இப்படியும் நேரலாம், அப்படியும் நேரலாம் என்று வெவ்வேறு எதிர்காலங்களை வரைந்து மேலாளர்கள் முன் வைத்தனர். 1973 ஒக்ரோபரில் எண்ணெய் நெருக்கடி மூண்டு விலை பன்மடங்கானபோது, அந்நிலையை முன்னரே மனத்தில் எண்ணிப் பார்த்திருந்த கம்பனியாக ஷெல் நின்றது. இது சோதிடமன்று. சோதிடர் ஒன்றே நடக்கும் என்பார். இவர்கள் எது நடந்தாலும் என்ன செய்வோம் என்று கேட்டனர்.

நம் நாட்டிலும் எதிர்பாராதவை நேர்ந்தன. இரசாயன உர இறக்குமதி 2021 மே மாதத்தில் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2022இல் எரிபொருள் இல்லாது உழவு இயந்திரங்கள் நின்றன. அவ்வாண்டு ஓகஸ்டில் கியூ.ஆர். குறியீட்டின் வழியாக எரிபொருட் பங்கீடு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதுவரை கைத்தொலைபேசியைப் பேசுவதற்கு மட்டும் பயன்படுத்திய முதியவர்களும் அந்தக் குறியீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றனர். மக்கள் புதியதைக் கற்கமாட்டார்கள் என்பது பொய் என்று அது காட்டியது. பங்கீடு என்று வந்துவிட்டால், எவருக்கு எத்தனை ஏக்கர், எவரிடம் எந்த இயந்திரம் என்ற பதிவேட்டைச் சீராக வைத்திருக்கும் அமைப்பே தன் உறுப்பினருக்காகப் பேசமுடியும் என்பதையும் அது உணர்த்தியது.

இனி வரவிருப்பவற்றை இரண்டு நிரல்களாக வகுத்துக்கொள்ளலாம். முதல் நிரலில் ஏறத்தாழ உறுதியானவை. இலங்கையில் 65 வயதுக்கு மேற்பட்டோர் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 7.9 சதவீதம், 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது 12.6 சதவீதம். இந்த முதுமை பின்னோக்கித் திரும்பப்போவதில்லை. நம் பிள்ளைகள் நீண்டகாலம் படிக்கின்றார்கள். படித்தபின் வயலுக்குத் திரும்புவோர் சிலரே. வெளிநாடு செல்லும் விருப்பம் ஒவ்வொரு வகுப்பறையிலும் இருக்கின்றது. காலநிலையும் முன்போல் ஒழுங்காக இல்லை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே நிலைகுலையச் செய்தது.

இரண்டாம் நிரலில் உறுதியற்றவை. மருந்து தெளிக்கும் ஆளில்லாச் சிறுவிமானம் ஓர் ஏக்கரைச் சில நிமிடங்களில் தெளித்து முடிக்கும். ஆனால், அது நமக்குக் கட்டுப்படியான கூலிக்கு எப்போது கிடைக்கும், பழுதானால் திருத்துபவர் யார் என்பவை தெளிவில்லை. செயற்கை நுண்ணறிவு நோயுற்ற இலையின் படத்தைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்லும். பல்லாயிரம் படங்களிலிருந்து அது கற்றுக்கொள்கின்றது. அப்படங்கள் வேறு நாட்டு வயல்களில் எடுக்கப்பட்டவையாயின், நம் மண்ணின் நோயை அது பிழையாகச் சொல்லவுங்கூடும். ஆகவே அதனைத் தள்ளவும் வேண்டாம்; அதன் சொல்லை மட்டும் நம்பி மருந்தடிக்கவும் வேண்டாம்.

ஓர் அமைப்பு செய்யத்தக்கது யாது? ஆண்டுக்கு ஒருமுறை, சிறுபோக அறுவடை முடிந்த ஓய்வு நாளொன்றில், நீர்ப் பிணக்கும் தண்டப்பணமும் பேசப்படாத ஒரு தனிக் கூட்டத்தைக் கூட்டலாம். அதிற் பெண் கமக்காரரும் இளைஞரும் கட்டாயம் இடம்பெற வேண்டும். மாற்றத்தை முதலில் உணர்பவர்கள் அவர்களே. மேலே கூறிய இரண்டு நிரல்களையும் ஒரு தாளில் எழுதி, மூன்று எதிர்காலங்களை வரைந்து பார்க்கலாம். டீசல் விலை இரட்டித்தால் என்ன செய்வோம்? இரண்டு போகம் தொடர்ந்து மழை பொய்த்தாலோ, வெள்ளம் கொண்டுபோனாலோ என்ன செய்வோம்? பத்தாண்டில் உறுப்பினரிற் பாதிப்பேர் முதுமையினால் வயலில் இறங்கமுடியாதவராயின் என்ன செய்வோம்?

இம்மூன்றுக்கும் விடை தேடும்போது சில காரியங்கள் எல்லா விடைகளிலும் திரும்பத் திரும்பத் தோன்றுவதைக் காண்பீர்கள். பொதுவான காய்களம் அல்லது நெல் உலர்த்தும் இயந்திரம், மழை புகாத களஞ்சியம், ஈரமளக்கும் கருவி, சீரான பதிவேடு, அவசர நிதி, பயிற்சி பெற்ற இரண்டு இளைஞர் என்பன அவை. எந்த எதிர்காலம் வந்தாலும் பயன்படுபவை எவையோ, அவற்றில் முதலில் பணத்தைப் போடவேண்டும். ஒரே ஓர் எதிர்காலத்தில் மட்டும் பயன்படும் விலையுயர்ந்த பொருளை வாங்காமல், வாடகைக்கு எடுத்து ஓர் ஏக்கரில் முதலிற் சோதிக்கவேண்டும். அறுவடை இயந்திரம் வயலில் இறங்குமுன் அதனைத் துப்புரவாக்கவேண்டும் என்று ஒரு விதி செய்வதற்குப் பணமே தேவையில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

அறிவுத்துணைக்கும் நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வணிகக் கற்கைகளும் தொழில்நுட்பமும் அங்கே போதிக்கப்படுகின்றன. நெல் உலர்த்தும் இயந்திரமொன்று எத்தனை ஏக்கருக்குக் கட்டுப்படியாகும் என்ற கேள்வியோடு நம் அமைப்பின் செயலாளர் அங்கே சென்றால், மாணவரொருவருக்கு அது நல்ல ஆய்வுப் பொருளாகும். நமக்கு அது ஒரு திட்டமாகும்.

பாடசாலைகளுக்கும் இதிற் கடமையுண்டு. நெல்லின் ஈரக் கணக்கைக் கணித பாடத்திலும், கூட்டக் குறிப்பெழுதும் முறையைத் தமிழ்ப் பாடத்திலும் கற்பித்தால், வயலுக்குத் திரும்பாத பிள்ளையும் தந்தையின் சங்கத்துக்கு உதவக்கூடும். வெளியூரில் வாழ்ந்தாலும் ஒரு தொலைபேசி வழியே கணக்குப் பார்த்துக் கொடுக்கலாம் அல்லவா? வயலில் இறங்காத தலைமுறையும் வயலோடு தொடர்புற்றிருக்க அது ஒரு வழியாகும்.

ஆகவே, நேயர்களே, உங்கள் அமைப்பு அடுத்த முறை கூடும்போது நிகழ்ச்சி நிரலில் ஒரேயொரு விடயத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வாண்டு நம் ஊருக்குப் புதிதாக வந்தது எது, அதன் பின்னால் வரக்கூடியவை எவை என்பதே அவ்விடயம். அதற்குரிய விடையைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த ஆண்டு எடுத்து வாசித்துப் பாருங்கள். எழுதியவற்றிற் சில பிழைத்திருக்கும். ஆயினும் அவ்வாறு ஐந்தாண்டு எழுதிய ஓர் அமைப்பு, ஈர நெல்லை வைத்துக்கொண்டு வீதியோரத்தில் வியாபாரியின் லொறியை எதிர்பார்த்து நிற்கும் நிலையிலிருந்து விடுபட்டிருக்கும் என்பது என் துணிபு.