யாரையும் கேட்காமல் பார்த்த படம்

ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்துவிட்டால், அப்புறம் மார்கழி வரைக்கும் சிவகாசி அச்சகங்களில் தீபாவளி லீவைத் தவிர மிஷினுக்கு ஓய்வு கிடையாது. ஆப்செட் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. மை கூடினால் ஒரு கையசைப்பு, தாள் சிக்கினால் இன்னொன்று, டீ வந்தால் கட்டைவிரல். அப்படியே வேலை பார்த்துக் காது மந்தமாகிப்போன மிஷின்மேன் நான். சினிமாவுக்குப் போனால், "என்னப்பா சொல்றான்?" என்று பக்கத்து ஆளைக் கேட்டுக் கேட்டே கதை போய்விடும். யாரையும் கேட்காமல் நான் பார்த்தது, சிங்கீதம் சீனிவாசராவ் 1987-இல் இயக்கிய 'பேசும்படம்'.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ஒரு வசனம் கிடையாது. வேலையில்லாத கமல்ஹாசன், குடித்துவிட்டுத் தெருவில் கிடக்கும் பணக்காரனைத் தூக்கிவந்து தன் அறையில் கட்டிப்போடுகிறார். அவனுடைய சாவியோடு நட்சத்திர ஓட்டலில் போய்த் தங்கிவிடுகிறார். மேஜிக் நிபுணரின் மகளாக அமலா வருகிறார். பனிக்கட்டிக் கத்தியோடு கமலைக் கொல்ல அலைகிறார் டினு ஆனந்த். குத்தியபின் கத்தி உருகிவிடும், தடயம் மிஞ்சாது என்பது கணக்கு. ஒவ்வொரு தடவையும் காரியம் கெடுகிறது.

வாய்க்குத்தான் பூட்டே தவிர, படத்தில் சத்தத்துக்குக் குறைவில்லையாம். தியேட்டரை ஒட்டிய அறையில் சண்டைக்காட்சிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய கதாநாயகனுக்கு ஓட்டல் மெத்தையில் தூக்கம் பிடிக்கவில்லை. பழைய இடத்துக்கே போய் அந்தச் சத்தத்தை டேப்பில் பதிந்துவந்து, ஓடவிட்டுத் தூங்குகிறான். தீபாவளி லீவில் மிஷின் நின்ற ராத்திரிகளில் நானும் அப்படிப் புரண்டிருக்கிறேன். டேப் சத்தம் எனக்கு எட்டவில்லை. அவன் கண் சொருகுவதைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

கடைசியில் அமலா ரோஜாவோடு தரும் சீட்டு காற்றில் பறந்து சாக்கடையில் விழுகிறது. கூட உட்கார்ந்து பார்த்த என் பேத்தியும் நானும் ஒரே நேரத்தில் "அய்யோ" என்றோம்.

தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று எங்கே போனாலும் பெயரை மாற்றினால் போதும், டப்பிங் தேவையில்லை. தேசிய விருதும் வாங்கியது.

இதற்கு முன்பே இதேபோல, இங்கிலாந்தில் எரிக் சைக்ஸ் என்பவர் 1967-இல் 'தி பிளாங்க்' என்று ஒரு குறும்படம் எடுத்தார். வீட்டுத் தரைக்கு ஒரு பலகை குறைகிறது. இரண்டு தச்சர்கள் அதை வாங்கி ஊர் வழியே கொண்டுவருகிறார்கள். கதை அவ்வளவுதான். போகிற வழியெல்லாம் அமர்க்களம், பேச்சு ஏதோ முணுமுணுப்போடு சரி. அந்த சைக்ஸுக்கும் காது சரியாகக் கேட்காது. அவர் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியில் வில்லையே இல்லை. எலும்பு வழியே ஒலியைக் கடத்தும் கருவிதான் அது. இது தெரிந்த அன்றைக்கு எனக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

என்னோடு மிஷின் ஓட்டியவர்களில் சிலருக்கும் இப்போது காது கேட்பதில்லை. அவர்களைக் கூட்டிப்போய் ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சிரிக்க, தமிழில் இப்படி இன்னொரு படம் வேண்டும்.