மின்சாரம் நின்றாலும் மருந்தும் மூச்சும் நிற்கக்கூடாது
வீட்டில் மாற்று மின்சக்தியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த மூத்தோருக்கான வழிகாட்டி

1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி மாலை தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் நின்றது பலருக்கு நினைவிருக்கும். பல மணி நேரம் கழித்துத்தான் விளக்கு எரிந்தது. 2021 டிசம்பர் வெள்ளத்தின்போது ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான் போன்ற பகுதிகளில் நீர் புகுந்த இடங்களுக்குப் பாதுகாப்பு கருதி மின்சாரம் நிறுத்தப்பட்டது. 2022 ஜூலை 27ஆம் தேதி நண்பகல் வேளையில், ஜொகூரில் உள்ள துணை மின்நிலையம் ஒன்றில் ஏற்பட்ட பழுதால் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல இடங்களிலும் மின்சாரம் தடைபட்டது.

இவை பெரிய மின்தடைகள். இடி மின்னலோடு மழை கொட்டும் மாலை நேரங்களில் ஓர் அரை மணி, ஒரு மணி நேரம் மின்சாரம் நிற்பது அதைவிடச் சாதாரணம். இளையவர்களுக்கு அது வெறும் தொல்லை. ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பி மூச்சு விடுபவருக்கும், குளிர்பதனப் பெட்டியில் இன்சுலின் வைத்திருப்பவருக்கும், இருட்டில் கழிப்பறைக்கு எழுந்து போக வேண்டியவருக்கும் அது உடல்நலப் பிரச்சினை.

ஆகவே இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: நம் வீட்டில் நான்கு மணி நேரம் எது நிற்கக்கூடாது? அதற்கு மட்டும் மாற்று மின்சக்தி ஏற்பாடு செய்தால் போதும். வீடு முழுவதையும் ஓட்ட முயலும்போதுதான் செலவும் ஆபத்தும் கூடுகின்றன.

முதலில் பார்க்க வேண்டியது

விளக்கு அணைந்தவுடன் அண்டை வீட்டைப் பாருங்கள். அங்கே விளக்கு எரிந்தால், உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியில் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்திருக்கலாம். மின்னல் அடிக்கும்போது இப்படி நடப்பது உண்டு. கையும் தரையும் உலர்ந்திருந்தால் மட்டும் அதைத் திரும்பப் போடலாம். மீண்டும் விழுந்தால் விட்டுவிடுங்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழையுங்கள். தரையில் வெள்ளம் நின்றால் சுவிட்ச் பெட்டியின் பக்கமே போகாதீர்கள்.

அண்டை வீடுகளும் இருட்டாக இருந்தால் தெனாகா நேஷனலின் 15454 என்ற எண்ணுக்கு அழைத்துத் தெரிவியுங்கள். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தில் இருப்பவர் உண்டு என்றால் அதையும் சொல்லுங்கள். மின்கட்டண ரசீதில் உள்ள கணக்கு எண் கையில் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

ஒரு பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

கடையில் சொல்வதை அப்படியே நம்பாமல் நீங்களே கணக்குப் போடலாம். பேட்டரியின் வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்குங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரியில் 1,200 வாட் மணி மின்சாரம் இருக்கும். ஆனால் ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அது சீக்கிரம் கெட்டுவிடும். இன்வெர்ட்டரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கைக்கு வருவது சுமார் 500 வாட் மணிதான். லித்தியம் பேட்டரியில் இதைவிட அதிகம் கிடைக்கும், விலையும் அதிகம்.

இந்த 500 வாட் மணியைச் சாதனத்தின் வாட் அளவால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று தெரிந்துவிடும். கீழே உள்ளவை தோராயமான அளவுகள். உங்கள் சாதனத்தின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் சரியான அளவு இருக்கும்.

• ஒரு மின்விசிறி (50 வாட்), இரண்டு எல்.இ.டி. விளக்கு (18 வாட்), கைப்பேசி சார்ஜர் (10 வாட்) சேர்ந்து: சுமார் 6 மணி நேரம்
• தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவோருக்கான சீபேப் இயந்திரம், ஈரப்பதமூட்டி இல்லாமல் (40 வாட்): சுமார் 12 மணி நேரம்
• படுக்கைப் புண்ணைத் தடுக்கும் காற்று மெத்தை (10 வாட்): ஓர் இரவு தாராளமாக
• ஆஸ்துமாவுக்கான நெபுலைசர் (150 வாட்): ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் என்றால் பல தடவை
• ஆக்சிஜன் செறிவூட்டி (350 வாட்): ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரியை மட்டும் நம்பி ஆக்சிஜன் செறிவூட்டியை ஓர் இரவு ஓட்ட முடியாது. அதற்கு உண்மையான மாற்று, மின்சாரமே தேவைப்படாத ஆக்சிஜன் சிலிண்டர். 680 லிட்டர் கொண்ட சிறிய சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம், சுமார் ஐந்தரை மணி நேரம் வரும். உங்களுக்கு எந்த அளவு தேவை, சிலிண்டரை எப்படித் திறப்பது என்பதை மருத்துவரிடமும் சாதனம் தந்த நிறுவனத்திடமும் இப்போதே கேட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் பழக்கிவிடுங்கள்.

இரவில் இயந்திரத்தின் மூலம் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்கள், மின்சாரம் நின்றால் கையால் மாற்றும் முறையை டயாலிசிஸ் தாதியிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். காற்று மெத்தையில் படுத்திருப்பவரின் மெத்தை மின்சாரம் நின்றால் மெல்லத் தளர்ந்துவிடும்; அப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வையுங்கள்.

அரிசி குக்கர், மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி, குளிர்சாதனம் ஆகியவற்றை இன்வெர்ட்டரில் இணைக்காதீர்கள். இவை சீக்கிரமே பேட்டரியை உறிஞ்சிவிடும்.

ஜெனரேட்டர்: மணமில்லாத நஞ்சு

பெட்ரோலில் ஓடும் ஜெனரேட்டரின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தம் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு சீராக இருப்பது போலத் தோன்றும்போதே உடலுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. தூங்குபவர் விழிக்காமலே இறந்துபோகலாம். இதயநோய் உள்ளவர்களையும் முதியவர்களையும் இது சீக்கிரம் பாதிக்கும்.

ஜெனரேட்டரை வீட்டுக்கு வெளியே, எந்தக் கதவிலிருந்தும் சன்னலிலிருந்தும் குறைந்தது 6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அண்டை வீட்டாரின் சன்னலும் இந்தக் கணக்கில் சேரும். சமையலறை, கார் நிறுத்தும் முன்கூடம், பின்சந்து, மாடி வராந்தா எதுவும் பாதுகாப்பான இடமல்ல. சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு.

கிள்ளானில் உள்ள பெரும்பாலான வரிசை வீடுகளில் இந்த 6 மீட்டர் கிடைக்காது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் கிடைக்கவே கிடைக்காது. அப்படியானால் ஜெனரேட்டர் உங்கள் வீட்டுக்கு ஏற்றதல்ல. பேட்டரியும் சிலிண்டரும்தான் உங்கள் வழி.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதன் வயரைச் சுவர் பிளக்கில் செருகக்கூடாது. மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பிப் போய், பழுது பார்க்கும் ஊழியரைக் கொல்லலாம். வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டுவதும், மூடிய கார் கூடத்தில் எஞ்சினை ஓடவிட்டுக் கைப்பேசிக்கு சார்ஜ் ஏற்றுவதும் இதே நஞ்சைத்தான் உண்டாக்கும்.

வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே எல்லாரும் வெளியே வாருங்கள். பிறகு 999 எண்ணை அழையுங்கள்.

பேட்டரி, பவர் பேங்க்

இன்வெர்ட்டர் பேட்டரியைக் காற்றோட்டமான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது தீப்பற்றக்கூடிய வாயு வெளிவரும். ஆகவே சாமி அறைக்கும் விளக்குக்கும் பக்கத்தில் அது இருக்கக்கூடாது. வெள்ளம் வரும் பகுதியில் இருந்தால் மேடான இடத்தில் வையுங்கள். இன்வெர்ட்டரை வீட்டு வயரிங்குடன் இணைக்கும் வேலையை வயர்மேன்தான் செய்ய வேண்டும்.

வீங்கிய பவர் பேங்க்கைப் பயன்படுத்தாதீர்கள். தலையணைக்கு அடியிலோ மெத்தையின் மேலோ வைத்து சார்ஜ் ஏற்றாதீர்கள். சிரிம் முத்திரை உள்ள சார்ஜரையே வாங்குங்கள்.

இன்சுலினும் மற்ற மருந்துகளும்

இனிப்பு நீர் உள்ள பலர் மின்சாரம் நின்றவுடன் இன்சுலினை நினைத்துப் பதறுகிறார்கள். பதற வேண்டாம். கதவைத் திறக்காமல் இருந்தால் குளிர்பதனப் பெட்டி சுமார் 4 மணி நேரம் குளிராக இருக்கும். "மருந்து இருக்கிறதா, பார்க்கலாம்" என்று அடிக்கடி திறப்பதுதான் குளிரைக் குறைக்கும்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பேனாவைப் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேற்படாத அறை வெப்பத்தில் சுமார் 4 வாரம் வைத்துக்கொள்ளலாம். வகைக்கு வகை இது மாறும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மின்தடை நீண்டால், ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்து, இன்சுலினைத் தனி டப்பாவில் போட்டு அதனருகில் வையுங்கள். ஐஸ் மருந்தின் மேல் நேராகப் படக்கூடாது. உறைந்துபோன இன்சுலினையும், தெளிவாக இருக்க வேண்டியது கலங்கிப்போன இன்சுலினையும் பயன்படுத்தாதீர்கள்.

சந்தேகம் வந்தது என்பதற்காக ஊசியை நிறுத்திவிடாதீர்கள். இரத்தச் சர்க்கரையைச் சோதித்து, சுகாதார கிளினிக்கையோ மருந்தகரையோ கேளுங்கள்.

தீ, இருட்டு, தண்ணீர்

மின்சாரம் நின்றால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். விசிறி நின்றதால் கொசுவர்த்தியும் கொளுத்துகிறோம். ஆக்சிஜன் பயன்படுத்தும் அறையில் இவை இரண்டும் கூடாது. காமாட்சி விளக்கு, கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் கூடாது. ஆக்சிஜன் படிந்த துணியில் ஒரு சிறு பொறி பட்டாலும் தீ வேகமாகப் பரவும். வெளிச்சத்துக்கு டார்ச் லைட்டே போதும். படுக்கை அருகில் ஒன்று, கழிப்பறை வாசலில் ஒன்று வையுங்கள். இருட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது, மின்தடையைவிடப் பல மாதம் நீளும் துன்பம்.

அடுக்குமாடியில் மின்சாரம் நின்றால் லிஃப்ட் நிற்கும். மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் நிற்கும். இரண்டு வாளித் தண்ணீரும் குடிநீரும் சேமித்து வையுங்கள். குறைந்தது ஒரு வார மருந்து கையில் இருக்கட்டும். விசிறி இல்லாத பகலில் ஈரத்துணியால் கழுத்தையும் கைகால்களையும் துடைத்துக்கொள்ளுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். இதயம், சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. உங்கள் மருத்துவச் சாதனங்களின் வாட் அளவை எழுதுங்கள். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்கிடுங்கள்.
2. சாதனத்தில் உள்பேட்டரி இருந்தால் சார்ஜ் நிறைந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை சோதியுங்கள்.
3. ஒரு நாள் பகலில், பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது, மாற்று ஏற்பாட்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.
4. தனியாக வசிப்பவர்கள் அண்டை வீட்டார் ஒருவரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். மின்சாரம் நின்றால் யார் வந்து பார்ப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.
5. ஒரு தாளில் பெரிய எழுத்தில் உங்கள் பெயர், நோய், மருந்துகள், ஆக்சிஜன் அளவு, பிள்ளைகளின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்.

மாற்று ஏற்பாடு தீருவதற்கு முன்பே புறப்படுங்கள். சிலிண்டரிலோ பேட்டரியிலோ பாதி தீர்ந்தும் மின்சாரம் வராவிட்டால், மின்சாரம் உள்ள உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ செல்லுங்கள். முழுவதும் தீரும்வரை காத்திருக்க வேண்டாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் ஏற்பட்டால் தாமதிக்காமல் 999 எண்ணை அழையுங்கள்.

அவசர உதவி: 999
மின்தடை பற்றித் தெரிவிக்க: 15454