சோயாவும் குடல் நுண்ணுயிரும்: ஈக்வால் வாங்கலாமா?

நங்கநல்லூரில் மகள் வீட்டில் தங்கியிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாதவிலக்கு நின்றதிலிருந்து உடம்பு திடீர் திடீரென்று அனலாகக் கொதிக்கிறது. சோயாவிலிருந்து வரும் ஈக்வால் நல்லது என்கிறார்கள். இணையத்தில் சிறு புட்டியில் விற்கிறது. வாங்கலாமா?"

ஈக்வால் சோயாவில் இல்லை. சோயாவில் இருப்பது டெய்ட்சீன் என்ற ஐசோஃபிளேவோன். அதை ஈக்வாலாக மாற்றுபவை நம் குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள். பாலைத் தயிராக்க உறைமோர் வேண்டும் அல்லவா, அதுபோலத்தான். இந்த 'உறை' எல்லோர் குடலிலும் இருப்பதில்லை. ஜப்பானில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும், மேலை நாடுகளில் நாலில் ஒருவர் அளவுக்கும்தான் உண்டு. ஒரே சோயாவைச் சாப்பிட்டும் பலன் ஆளுக்கு ஆள் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1932-இல் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். குதிரைக்கு லத்தீனில் 'ஈக்வஸ்'. பெயர் வந்தது அப்படித்தான்.

இது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல, ஆனால் மென்மையாக, வேலை செய்யும். அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை ஆடு வளர்ப்போர் அறிந்துகொள்ள வேண்டும். 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் குளோவர் என்ற பயறுவகைத் தீவனத்தையே மேய்ந்த செம்மறிகள் சினை பிடிக்காமல் போயின. குளோவரில் இருந்த ஒரு பொருள் ஆட்டின் பெருவயிற்றில் ஈக்வாலாக மாறியதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. நம் ஊரிலும் குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தை மட்டுமே போடாமல் புல், சோளத்தட்டையுடன் கலந்து போடுங்கள்.

இனி வாசகியின் கேள்விக்கு வருவோம். 'ஆய்வுக்கூடப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று அச்சிட்ட புட்டி ஆராய்ச்சிக்கான ரசாயனம்; அதை வாயில் போடக் கூடாது. ஜப்பானில் சோயாவைப் பாக்டீரியா கொண்டு புளிக்கவைத்து, நாளுக்கு 10 மில்லிகிராம் ஈக்வால் தரும் மாத்திரை விற்கிறார்கள். அதனால் அனல் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லோருக்கும் குறையும் என்று உறுதி சொல்ல முடியாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

சோயாவை உணவாகச் சாப்பிடலாம். அதில் சுமார் 40 சதவிகிதம் புரதம். இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, நன்றாக வேகவையுங்கள். பச்சைப் பயறில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு; வெந்தால் அது போய்விடும். கோதுமை மாவு 9 பங்குக்கு சோயா மாவு 1 பங்கு சேர்த்துச் சப்பாத்தி செய்யலாம். புட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பல மாதத்துக்குச் சோயா வாங்கிவிடலாம், அம்மா.