இரு கைகளிலும் இரத்த அழுத்தம்

உடலில் ஓடும் இரத்தம் ஒன்றே. அதனை உந்தும் இருதயமும் ஒன்றே. அவ்வாறிருக்க, வலக்கையில் அளந்த இரத்த அழுத்தம் ஓர் எண்ணையும் இடக்கையில் அளந்தது வேறோர் எண்ணையும் காட்டுவதேன்? தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வாயிலாக ஊழியர் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம் பார்க்கின்றனர். ஆகையால் இவ்வினாவின் விடையை அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

இடக்கைக்குரிய தமனி, இருதயத்தினின்று எழும் பெருந்தமனியிலிருந்து நேரே பிரிகின்றது. வலக்கைக்குரியதோ, வலக் கழுத்துத் தமனியுடன் ஒரே கிளையாகப் புறப்பட்டுப் பின்னரே தனியாகின்றது. இரு வழிகளும் ஒத்தவை அல்ல. மேலும், இரத்த அழுத்தம் நொடிக்கு நொடி மாறும் இயல்புடையது. முதலில் அளக்கும்பொழுது மனம் சற்றுப் பதறுவதால், அந்த அளவு பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

நோயற்ற வாலிபரிடத்தும் மேல் எண்ணில் 10 மில்லிமீட்டர் வரை வேறுபாடு காணப்படுவதுண்டு. அதற்காக அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் அச்சிறு வேறுபாட்டையும் புறக்கணித்தலாகாது. இடக்கையில் 134-ம் வலக்கையில் 142-ம் உள்ள ஒருவரைக் கருதுக. மருத்துவமனையில் 140-க்கு மேற்பட்டால் மிகை என்பது பொதுவான வரம்பு. இடக்கையை மட்டும் பார்த்தவர் ‘குறையில்லை’ என்பார். வலக்கையைப் பார்த்தவர் ‘கவனம் தேவை’ என்பார். எனவே முதன்முறை இரு கைகளிலும் அளந்து, எக்கையில் மிகுதியோ அக்கையிலேயே பின்னர் அளந்து வருதல் முறையாகும்.

வேறுபாடு பெரிதாகவும் நிலையாகவும் இருப்பின் மருத்துவரை நாடவேண்டும். 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் வேறுபாடு உள்ளோரிடம் இரத்தக் குழாய் நோய்கள் மிகுதி என்பதை, 2012-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு எடுத்துக் காட்டியது. இளம் வயதினரிடத்து, பெருந்தமனி பிறவியிலேயே குறுகியிருத்தலும் காரணமாகலாம். இளம் பெண்களைப் பெரிதும் பற்றும் தகாயாசு என்னும் தமனி அழற்சி நோயில், ஒரு கையின் நாடித் துடிப்பே மெலிந்துவிடுவதுண்டு. திடீரென நெஞ்சிலோ முதுகிலோ கடும் வலி தோன்றி, இரு கைகளின் அளவும் பெரிதும் வேறுபட்டால், ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

அளக்கும் முறை பிழையானால் எண்ணும் பிழையாகும். புகையிலை, காப்பி, தேநீர் ஆகியவற்றை அரைமணி நேரம் முன்னதாகவே நிறுத்துக. தறியிலிருந்தோ வயலிலிருந்தோ வந்தவுடன் அளவாமல், சிறுநீர் கழித்து, 5 நிமிடம் அமைதியாக அமர்க. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இருதய மட்டத்தில் மேசைமேல் வைத்திடுக. கை தொங்கினால் அளவு கூடிவிடும். பட்டையைச் சட்டைக் கையின்மேல் சுற்றுதலும், அளக்கும்பொழுது பேசுதலும் கூடா. இரு கைகளிலும் மாறி மாறி இருமுறை அளந்த பின்னரே வேறுபாட்டை உறுதி செய்க.

தேதி, கை, எண் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி, மருத்துவரிடம் காட்டுக. சங்கங்கள் மருத்துவ முகாம் நடத்துங்கால், இரு கைகளிலும் அளக்க ஏற்பாடு செய்யுமாறு அங்கத்தினர் கேட்டுக்கொள்ளலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. ஆளுக்குச் சில நிமிடங்களே கூடுதலாகும்.