அன்னக் கணக்கு – 17: கொஞ்சம் இறைச்சி, நிறைய டோஃபு

சென்ற வாரம், கீரையில் இருக்கும் இரும்புச்சத்து ஏன் முழுவதும் உடம்பில் சேர்வதில்லை என்று பார்த்தோம். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் ஒரு பண்டத்தை இந்த வாரம் எடுத்துக்கொள்ளலாம். சீன வீடுகளில் வாணலியை நன்றாகக் காயவிட்டு, மெல்லிசாகச் சீவிய மாட்டிறைச்சி, சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் டோஃபு, அன்றைக்குக் கிடைத்த காய்கறி எல்லாவற்றையும் சில நிமிடங்களில் வதக்கி இறக்கிவிடுவார்கள். நம் ஊர் உணவகங்களில் ‘ஸ்டிர் ஃப்ரை’ என்ற பெயரில் கிடைப்பது இதுதான். இதன் சத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் புரதத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். புரதம் நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சட்டியின் பெருமை, இறைச்சி தன் சத்தைக் கொடுப்பதோடு நில்லாமல் பக்கத்தில் கிடக்கும் சோயாவின் சத்தையும் உடம்புக்குள் சேர்த்துவிடுகிறது என்பதில் இருக்கிறது.

முதலில் கணக்கு. ஒரு ஆளுக்குக் கொழுப்பு குறைந்த மாட்டிறைச்சி 100 கிராம், கெட்டி டோஃபு 100 கிராம், ப்ரோக்கோலி 75 கிராம், குடைமிளகாய் 50 கிராம், கேரட் கொஞ்சம், எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, சோள மாவு ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்வோம். இறைச்சியில் சுமார் 21 கிராம் புரதம். டோஃபுவில் அதன் கெட்டித்தன்மையைப் பொறுத்து 10 முதல் 17 கிராம் வரை. காய்கறியிலிருந்து இரண்டு மூன்று கிராம். மொத்தம் 33 கிராமுக்குக் குறையாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறக்குறைய 50 கிராம். ஆற்றல் சுமார் 440 கலோரி. இதில் எண்ணெய் மட்டுமே 90 கலோரி என்பதால், கரண்டியில் அளக்காமல் பாட்டிலிலிருந்து அப்படியே ஊற்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தொடைக்கறிக்குப் பதில் கொழுப்பு மிகுந்த நெஞ்சுக்கறியை வாங்கினாலும் எண் ஏறிவிடும்.

இனி இரும்புக்கு வருவோம். இறைச்சியில் இருப்பது ‘ஹீம்’ வகை இரும்பு. உடம்பு இதில் 15 முதல் 35 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். டோஃபுவிலும் காய்கறியிலும் இருப்பது ‘ஹீம் அல்லாத’ இரும்பு. சோயாவில் உள்ள பைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சோயாப் புரதமும் தன் பங்குக்குத் தடுக்கிறது. அதனால் டோஃபு பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் இரும்பின் அளவைப் பார்த்து மகிழ்ந்துவிட முடியாது. ஆனால் அதே டோஃபுவோடு ஒரே வேளையில் இறைச்சியும் வயிற்றுக்குள் போனால் நிலைமை மாறுகிறது. வெனிசுவேலா நாட்டு ஆய்வாளர் மிகேல் லைரிஸும் அவருடைய குழுவினரும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், கன்றிறைச்சியோடு சேர்த்துச் சாப்பிட்டபோது மக்காச்சோளத்திலும் கருப்பு பீன்ஸிலும் இருக்கும் இரும்பு கூடுதலாக உடம்பில் சேர்வதைக் காட்டினார்கள். எவ்வளவு இறைச்சி வேண்டும் என்ற கேள்விக்கு 2003இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வு ஒரு பதில் தந்தது. பைட்டேட் மிகுந்த உணவோடு 25 கிராம் பன்றி இறைச்சி சேர்த்தபோது குறிப்பிடத்தக்க பலன் இல்லை. 50 கிராம் சேர்த்தபோது ஹீம் அல்லாத இரும்பு சேர்வது 44 சதவீதம் கூடியது. மீனுக்கும் கோழிக்கும் இதே குணம் உண்டு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் அவற்றைப் போட்டுக்கொள்ளலாம்.

குடைமிளகாயும் ப்ரோக்கோலியும் சட்டிக்குள் வருவதற்கு அழகு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. நாம் போட்ட அளவில், சமைப்பதற்கு முன் இரண்டிலும் சேர்த்து 100 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கும். தாவர இரும்பை உடம்பில் சேர்ப்பதில் வைட்டமின் சியும் கை கொடுக்கும். வெந்நீரில் போட்டு வேகவைத்து நீரை வடித்தால் அது நீரோடு போய்விடும். வாணலியில் வடிக்க நீரே இல்லை. சூட்டில் ஒரு பங்கு போனாலும் மீதி தட்டுக்கு வந்துவிடும். ஆகவே காயைக் கடைசியில் போடுங்கள், கடித்தால் நறுக்கென்று இருக்கும்போதே இறக்குங்கள். கேரட்டின் பீட்டா கரோட்டினுக்கு எண்ணெய் தேவை, அதுவும் சட்டியிலேயே இருக்கிறது.

கொஞ்சம் இறைச்சி, நிறைய டோஃபு என்ற முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு சீனாவின் சிச்சுவான் மாகாணத்து ‘மாப்போ டோஃபு’. 1862இல் செங்டு நகரில் தொடங்கிய ஒரு கடையோடு இணைத்து இதைச் சொல்வார்கள். டோஃபு துண்டுகளே பிரதானம். மாட்டுக் கொத்துக்கறி மேலே தூவினாற்போல்தான் வரும். அந்த மாகாணத்தில் மாட்டிறைச்சிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. சிகோங் நகரின் உப்புக் கிணறுகளில் மாடுகளைப் பூட்டித்தான் உவர்நீரை மேலே இழுத்தார்கள். அங்கே ஷென்ஹாய் என்ற கிணற்றை 1835இல் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமாகத் தோண்டினார்கள் என்றால் மாடுகளின் உழைப்பை எண்ணிப் பாருங்கள். உழைத்து ஓய்ந்த மாடுகளின் இறைச்சி அந்த ஊர்ச் சமையலுக்குள் வந்தது.

அந்த உவர்நீருக்கு நம் கட்டுரையில் இன்னொரு வேலையும் இருக்கிறது. உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரை ஊற்றிச் சோயாப் பாலைத் திரிப்பது பழைய முறை. அதில் இருப்பது பெரும்பாலும் மெக்னீசியம் குளோரைடு. இன்னொரு முறை ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட் கொண்டு திரிப்பது. டோஃபுவில் எவ்வளவு கால்சியம் இருக்கும் என்பதை இந்தத் தேர்வே பெரும்பாலும் முடிவு செய்கிறது. கால்சியம் சல்பேட்டில் திரித்த கெட்டி டோஃபு 100 கிராமில் 350 மில்லிகிராமும் அதற்கு மேலும் கால்சியம் இருக்கலாம். பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு அது. வீட்டில் எலுமிச்சைச் சாறு பிழிந்து திரித்தால் புரதம் வரும், கால்சியம் அந்த அளவுக்கு வராது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்து வாங்க வேண்டும். நார்ச்சத்தை மட்டும் டோஃபுவிடம் எதிர்பார்க்காதீர்கள். பாலை வடிகட்டும்போதே அது சக்கையோடு போய்விடுகிறது. இந்தத் தட்டில் நாரைக் கொண்டுவருவது காய்கறி.

சரி, டோஃபுவே போதும், இறைச்சி எதற்கு என்றால்: வைட்டமின் பி12 சோயாவில் இயல்பாகக் கிடையாது. 50 கிராம் மாட்டிறைச்சியிலேயே ஒரு நாள் தேவையில் ஏறக்குறைய பாதி கிடைக்கும். துத்தநாகமும் அப்படியே, எளிதில் சேரும் வடிவில் வரும். மறுபக்கம், இறைச்சியைக் குவிப்பதற்கும் காரணம் இல்லை. சிவப்பு இறைச்சியைச் சமைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம். என் கணிப்பில் 50 கிராம் இறைச்சியும் 150 கிராம் டோஃபுவும்தான் இந்தச் சட்டிக்குச் சரியான பங்கீடு. புரதம் பெரிதாகக் குறையாது, செலவு குறையும்.

இந்தப் பண்டத்தில் எனக்குக் கவலை தருவது உப்பு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் எல்லை 2,000 மில்லிகிராம். அதற்கு மேல் ஆய்ஸ்டர் சாஸ், ஒரு சிட்டிகை உப்பு என்று போனால் ஒரே வேளையில் எல்லையைத் தொட்டுவிடலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சோயா சாஸைப் பாதியாக்கி, இஞ்சி, பூண்டு, மிளகு, எலுமிச்சையைக் கூட்டிக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும். சோயா அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

கடைசியாக, மீண்டும் இரும்புக்கு வருவோம். இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நம் வீடுகளில் சாப்பாடு முடிந்த கையோடு டீ, காபி குடிக்கும் பழக்கம் இருக்கிறது. அவற்றில் உள்ள டானின் போன்ற பொருட்கள், தாவர உணவிலிருந்து வரும் இரும்பு உடம்பில் சேராமல் வெகுவாகத் தடுத்துவிடும். இந்தச் சட்டியைச் சமைத்தாலும் சரி, கீரையும் பருப்பும் சமைத்தாலும் சரி, அம்மாவும் மகளும் முதலில் இதைச் செய்யுங்கள்: டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.