கடல் கடந்த படங்கள், தமிழ் பேசும் குரல்கள்

நுழையும்முன்

வேற்று நாட்டில் வரையப்பட்ட உருவம் ஒன்று தமிழில் பேசத் தொடங்கியதும் நம் வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறது. அம்மாற்றத்தைச் செய்வன சொல்லும் குரலும் ஆகும். சிறுவருக்கான மொழிமாற்ற இயங்குபடங்கள் கடந்துவந்த வழியையும், அவை மொழிக்குத் தரும் படிப்பினையையும் இப்பாடம் விளக்குகிறது.

கூத்துக்களமும் சின்னத்திரையும்

விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் தெருக்கூத்து விடிய விடிய நடைபெறும். அரசர் வேடமிட்டவர் உயர்நடையில் பேசியதைக் கட்டியங்காரன் ஊர்ப்பேச்சில் எடுத்துரைப்பான். முன்வரிசையில் அமர்ந்த சிறுவர் அப்போதுதான் வாய்விட்டுச் சிரிப்பர். தொலைவில் இருந்த பாரதக் கதை அவ்வூர்க் கதையாக மாறும் இடம் அதுவே. சின்னத்திரையில் இப்பணியைச் செய்பவர்கள் மொழிமாற்ற உரையாடல் எழுதுவோரும் குரல் கலைஞர்களும் ஆவர்.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டு கார்ட்டூன் நெட்வொர்க் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஆங்கிலம் அறியாச் சிறுவர் அதன் ஓட்டத்தையும் துரத்தலையும் கண்டு மகிழ்ந்தனர். உரையாடலின் நயம் அவர்களை எட்டவில்லை. 2007 ஏப்ரல் 29 அன்று சன் குழுமம் சிறுவருக்கெனச் ‘சுட்டி டிவி’யைத் தமிழில் தொடங்கியது. தெலுங்கிலும் கன்னடத்திலும் 2009இலும், மலையாளத்தில் 2011இலும் இத்தகைய அலைவரிசைகளை அக்குழுமம் தொடங்கியது.

சுட்டி டிவியில் புகழ்பெற்ற டோரா, அமெரிக்கத் தொடர் ஒன்றின் நாயகி. மூலத்தில் அவள் ஆங்கிலம் பேசியபடியே ஸ்பானியச் சொற்களைக் கற்பிக்கும் சிறுமி. அவளுடைய தோழனான ‘பூட்ஸ்’ என்னும் குரங்கு தமிழில் ‘புஜ்ஜி’ ஆயிற்று. ‘ஸ்வைப்பர்’ என்னும் நரி ‘குள்ளநரி’ ஆயிற்று. பிரியாத நண்பர் இருவரை ‘டோரா புஜ்ஜி’ என அழைக்கும் வழக்கம் பேச்சிலும் புகுந்தது. ஒலிபெயர்ப்பால் மட்டும் இவ்வுறவு உண்டாகியிராது.

எந்தத் தமிழ்? எந்த ஸ்பானியம்?

ஒரே மொழி பல நாடுகளில் பேசப்படும்போது எவ்வழக்கில் மொழிமாற்றுவது என்னும் வினா எழும். ஸ்பானிய மொழி இதனைப் பெரிய அளவில் எதிர்கொண்டது. பேருந்தை மெக்சிகோவில் ‘கமியோன்’ என்பர். அர்ஜென்டினாவில் ‘கொலெக்திவோ’ என்பர். ஆகவே எந்நாட்டவருக்கும் புரியும் சொற்களைத் தேர்ந்து ‘நடுநிலை ஸ்பானியம்’ என்னும் நடையை மொழிமாற்றுக் கலைஞர்கள் வளர்த்தனர்.

1996இல் இலத்தீன் அமெரிக்காவில் ‘லோகோமோஷன்’ என்னும் இயங்குபட அலைவரிசை தோன்றியது. ஜப்பானிய இயங்குபடங்களாகிய அனிமேக்களுக்கு அது பெரும் ரசிகர் கூட்டத்தை உருவாக்கியது. 2005இல் அது சோனி நிறுவனத்தின் ‘அனிமேக்ஸ்’ ஆக மாறியது. 2011இல் அப்பெயரும் மறைந்து, இளைஞருக்கான பொது அலைவரிசை அவ்விடத்தைப் பிடித்தது.

சென்னை, கொங்கு, நெல்லை, ஈழம் எனப் பல வழக்குகளை உடைய தமிழுக்கும் இவ்வினா உண்டு. முழுதும் எழுத்துநடையில் அமைந்தால் குழந்தை விலகும். ஒரே வட்டார வழக்கில் அமைந்தால் பிற வட்டாரத்தார் தடுமாறுவர். பொதுப் பேச்சுத்தமிழில் நின்று, பாத்திரத்தின் இயல்புக்கேற்ப வட்டாரச் சுவையை அளவோடு சேர்ப்பது நல்ல மொழிமாற்றத்தின் இயல்பு.

வாயசைவும் எழுத்தின் பிறப்பும்

மொழிமாற்ற உரையாடலுக்குப் பொருள் பொருத்தம் மட்டும் போதாது. கால அளவும் வாயசைவும் பொருந்த வேண்டும். ப, ம ஆகிய எழுத்துகள் இதழ்கள் பொருந்துவதால் பிறப்பன எனத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுகிறது. திரையில் உதடு மூடும் நொடியில் அவ்வெழுத்துகளுள் ஒன்று அமைந்தால் உருவமே பேசுவதுபோலத் தோன்றும். பழைய இலக்கண அறிவு ஒலிப்பதிவுக் கூடத்திலும் பயன்படுகிறது.

அனிமேக்களில் இப்பணி சற்று எளிது. ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ 1963இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்தபோது, செலவைக் குறைக்கக் குறைந்த எண்ணிக்கையிலான ஓவியங்களே பயன்பட்டன. வாய் சில நிலைகளில் மட்டும் திறந்து மூடியது. மேலும் தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் வினை தொடரின் இறுதியில் வருவதால், உணர்ச்சி உச்சமடையும் இடத்தையும் பெரும்பாலும் காக்க இயலும்.

தெரிந்து தெளிவோம்

ஜப்பானியரான யுகோ சாகோவும் இந்தியரான ராம் மோகனும் இணைந்து இராமாயணத்தை அனிமே திரைப்படமாக உருவாக்கினர். 1990களின் தொடக்கத்தில் உருவான அப்படம், 2025 ஜனவரியில் தமிழ்க் குரலுடன் திரையரங்குகளுக்கு வந்தது.

நிலைப்பது எது?

அலைவரிசைகள் பெயர் மாறும், மறையவும் கூடும். இன்று இணையவழித் தளங்கள் அனிமே தொடர்களைத் தமிழில் வழங்குகின்றன. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ தொடரின் திரைப்படமும் தமிழ்க் குரலுடன் வெளியாயிற்று. வழிகள் மாறினும் குழந்தை தன் மொழியில் சிரித்த சிரிப்பு நினைவில் நிற்கிறது.

எனினும் குரல் மட்டும் நம்முடையதாக இருந்தால் போதுமா? டோரா நடக்கும் காடும் ஜப்பானியச் சிறுவன் செல்லும் பள்ளியும் பிறர் வரைந்தவை. நம் ஏரிக்கரையும் கூத்துக்களமும் திரையில் அசைவதற்கு, அவற்றை வரையும் கைகள் இங்கே உருவாக வேண்டும். கட்டியங்காரன் பிறர் கதையை நமதாக்கினான்; நம் கதையைப் பிற மொழியார் தம் குரலில் கேட்கும் நாளே இக்கலையின் அடுத்த படியாகும்.