தாய்க்கோழி இல்லாத அடை

நம் ஊர்ப்புறங்களில் அடைக்கோழியைக் கண்டறியாதார் மிகச் சிலரே. கூடையில் தவிடு பரப்பி, இரும்புத் துண்டு ஒன்றும் கரியும் மிளகாய் வற்றலும் இட்டு, அதன்மேல் முட்டைகளை அடுக்கிக் கோழியை அமர்த்துவர் நம் பாட்டிமார். 21ஆம் நாளில் குஞ்சுகளின் குரல் கேட்கும். பிழைப்பை நாடி ஐதராபாத்தில் குடியேறிய நம்மவருள்ளும், கொல்லையிலோ மாடியிலோ நான்கு கோழிகள் வளர்க்க விரும்புவோர் உண்டு. அடைக்கோழி கிடைக்காதபோது, இன்குபேட்டர் எனப்படும் அடைகாப்புப் பெட்டியை அவர்கள் நாடுகின்றனர்.

இம்முறை புதியதன்று. பண்டை எகிப்தியர் மண்ணால் கட்டிய அடுப்பறைகளில் முட்டைகளைப் பொரிக்கச் செய்தனர். வெப்பமானியின் துணையோடு இதனைச் செய்யும் வழியைப் பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர் 1749ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆயினும் பெட்டி தருவது வெப்பம் ஒன்றே. தாய்க்கோழி செய்யும் ஏனைய பணிகளை நாமே ஏற்றல் வேண்டும்.

முதலாவது, முட்டையைத் தேர்தல். கடைகளில் விற்கும் பண்ணை முட்டைகள் சேவலின்றி இடப்பட்டவை. அவற்றை எத்தனை நாள் அடைவைத்தாலும் குஞ்சு வாராது. ஐதராபாத் இராஜேந்திரநகரில் 1988ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம், புழக்கடை வளர்ப்புக்கென வனராஜா, கிராமப்பிரியா ஆகிய இனங்களை உருவாக்கியுள்ளது. இத்தகைய இனங்களின் கருவுற்ற முட்டைகளை, இட்ட 7 நாட்களுக்குள் அடைவைத்தல் நன்று. அவற்றைக் கழுவுதல் கூடாது; கழுவினால் ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் நீங்கிவிடும்.

இரண்டாவது, வெப்பம். விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியசும், விசிறி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 டிகிரியும் நிலவுதல் வேண்டும். சிறிது நேரம் மின்சாரம் நின்று முட்டை குளிர்ந்தால் பெரும்பாலும் கேடில்லை. மூடியைத் திறவாது கம்பளியால் போர்த்தினால் போதும். வெப்பம் மிகுதலே கொடிது. கோடையில் தகரக் கூரையின் கீழோ, வெயில் படும் சன்னலோரத்திலோ பெட்டியை வைத்தலாகாது.

மூன்றாவது, ஈரம். சென்னைக் கடற்கரையின் ஈரக்காற்றில் பழகியவர் இங்கு ஏமாறுவது இதில்தான். ஐதராபாத்தோ பீடபூமியின் மேல் அமைந்த நகரம். ஏப்ரல், மே மாதங்களில் காற்று மிகவும் வறண்டு விடுகின்றது. ஓட்டின் நுண்துளைகள் வழியே நீர் அளவுக்கு மீறி வெளியேறினால், உள்தோல் தடித்துக் குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். முழுதும் வளர்ந்த குஞ்சு வெளிவர இயலாது மடியும். ஆதலின் பெட்டியிலுள்ள நீர்த்தட்டு வற்றாமல் காத்தல் வேண்டும். முதல் 18 நாட்களில் ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காடும், இறுதி 3 நாட்களில் 65 முதல் 70 விழுக்காடும் தேவை. விலை குறைந்த ஈரமானி ஒன்று இதற்குப் போதும்.

நான்காவது, புரட்டுதல். தாய்க்கோழி அலகால் அடிக்கடி செய்வதை நாம் நாள்தோறும் மும்முறையேனும் செய்தல் வேண்டும். இல்லையேல் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். 7ஆம் நாள் இருட்டறையில் விளக்கொளியின்முன் முட்டையைப் பிடித்தால், சிலந்தியின் கால்கள் போன்ற செந்நிற நரம்புகள் தோன்றும். அவை தோன்றாத கூமுட்டைகளை நீக்கிவிடலாம். 18ஆம் நாளுக்குப் பின் புரட்டுதலும், பெட்டியைத் திறத்தலும் கூடா.

இனி வருவது பொறுமைக்குரிய சோதனை. ஓட்டில் முதற்கீறல் தோன்றிய பின்னும் குஞ்சு வெளிவர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அவ்வேளையில் உள்தோலின் குருதி நாளங்கள் முற்றும் வற்றியிரா. மஞ்சட்கருவும் வயிற்றுக்குள் முழுதும் அடங்கியிராது. இரக்கத்தால் ஓட்டை உரிப்பவர் தம்மை அறியாமலே குஞ்சைக் கொல்கின்றனர். வெளிவந்த குஞ்சு உலரும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும். உட்கொண்ட மஞ்சட்கரு அதற்கு இரண்டு நாள் உணவாகும். பின்னர், முதல் வாரத்தில் 35 டிகிரி வெப்பம் அளித்து, வாரந்தோறும் 3 டிகிரி குறைத்து வருதல் தகும்.

இறுதியாக ஒன்று. பொரிக்கும் குஞ்சுகளுள் ஏறத்தாழப் பாதி சேவல்களே. அவை விடியுமுன் கூவும். அவற்றுக்கு இடமும், அண்டை வீட்டாரின் இசைவும் உண்டா என்பதை முட்டையைப் பெட்டியில் வைக்குமுன்னரே எண்ணிப் பார்ப்பது, உயிரை வளர்க்க முன்வருவோரின் முதற்கடமையாகும்.